சூளையை நம்பாதவர்

எங்கள் பீங்கான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சூளைக்காரரைப் புகழ வேண்டுமென்றால் நல்லவர், வல்லவர் என்றெல்லாம் சொல்ல மாட்டார்கள். "அவரு சூளைய நம்ப மாட்டாரு" என்பார்கள். அதற்கு மேல் ஒரு பட்டம் கிடையாது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் அதன் அர்த்தம் தெரியும். சூளைக்குள் அடுக்கியிருப்பது பத்துப் பேர் பல வாரம் பாடுபட்ட சரக்கு. கதவைச் செங்கல் வைத்து அடைத்து பர்னரைப் பற்ற வைத்துவிட்டால், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துளைதான் உண்டு. நீலக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதன் வழியாகப் பார்த்தால், சூடு அறிவதற்காக உள்ளே வைத்த சின்ன மண் கூம்பு நிமிர்ந்து நிற்கிறதா, சாயத் தொடங்கிவிட்டதா என்று தெரியும். அதை வைத்து எண்ணெயைக் கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டும். எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி உட்கார்ந்த ஆள் ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் அத்தனையும் வளைந்து போயிருக்கும். அதனால் சந்தேகப்படுகிற ஆளுக்குத்தான் அங்கே மரியாதை.

என் கணவர் எஸ்டேட்டிலேயே அதிகம் சந்தேகப்பட்ட ஆள். மற்றவர்கள் அரைமணிக்கு ஒரு தரம் துளை வழியாகப் பார்த்தால் இவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பார்ப்பார். சூளையை நிறுத்திய பிறகு எண்ணெய்க் குழாயின் வால்வை மூடிவிட்டோமா என்று ஒரு முறை பார்த்தால் போதும். இவர் பத்து முறை பார்ப்பார். மூடாமல் விட்டால் எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கனன்றுகொண்டிருக்கும் சூளைக்குள் இறங்கி, நெருப்புப் பிடித்து, குழாய் வழியாக எண்ணெய்த் தொட்டிக்கே வந்துவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் உள்ள பயம்தான். ஆனால் மற்றவர்கள் பயந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

நானும் அதே கம்பெனியில் இருந்தேன். ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர் என்று கரண்டுக்கான பீங்கான் சாமான் செய்கிற சின்னக் கம்பெனி. சுட்டு வந்ததை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, சத்தத்தில் பிசகு இருந்தால் கழித்துப் போடுவது என் வேலை. ஆட்களையும் நான் அப்படித்தான் தட்டிப் பார்ப்பதாக என் மாமியார் சொல்வார். எனக்கு வாய் நீளம் என்பதை அவர் அவ்வளவு நாசூக்காகச் சொல்வார். என் கணவர் எரித்த சூளையில் கழிவு மிகவும் குறைவாக இருக்கும். அதை என் கையாலேயே தட்டித் தெரிந்துகொண்டதால் எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

செல்போன் அப்போதுதான் முதலாளிகளின் சட்டைப்பையில் வர ஆரம்பித்திருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். வீட்டிலும் அவர் அப்படித்தான். நான் சமைத்து முடித்ததும் வந்து கேஸ் சிலிண்டரின் திருகைத் தொட்டுப் பார்ப்பார். பூட்டிக்கொண்டு கிளம்பினால் தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் மறுபடி தொட்டுப் பார்ப்பார். "எனக்குத் தாலி கட்டினீங்களா, சிலிண்டருக்குக் கட்டினீங்களா?" என்று கேலி செய்வேன். அவரும் சிரிப்பார். "மூடிதான் இருக்குது, நானே பாத்தேன்" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போவேன். அதை நான் எவ்வளவு அன்பாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கேலி கசந்துபோன நாள் ஒன்று உண்டு. கருவேப்பிலங்குறிச்சியில் அவருடைய தங்கையின் பிள்ளைக்குக் காதுகுத்து. இவர்தான் தாய்மாமன், இவர் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். தட்டுவரிசையெல்லாம் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். ஊரைத் தாண்டுவதற்குள் அவர் முகம் வெளுத்தது. "இதோ வந்துடறேன், நீ போயிட்டே இரு" என்று சொல்லி இறங்கிவிட்டார். முந்தின நாள் மாலையே அணைத்துவிட்ட சூளையின் வால்வைப் பார்ப்பதற்காகப் போனவர், வரவே இல்லை. ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிள்ளை அழுது அழுது தூங்கிப்போனது. கடைசியில் பங்காளி வீட்டு அண்ணன் ஒருவர் மடியில் வைத்துக் குத்தினார்கள். நாத்தனார் எங்களோடு ஒரு வருடம் பேசவில்லை. நான் வீட்டுக்கு வந்து, வாயில் வந்ததையெல்லாம் அவரைத் திட்டினேன். மாமியார்தான் குறுக்கே வந்து, "வேலைன்னு வந்துட்டா அவன் அப்பிடித்தான், பொறுப்பான புள்ள" என்றார்.

இந்தப் பொறுப்பு என்ற சொல்லை எல்லோருமாகச் சேர்ந்து அவர் தலையில் ஏற்றிக்கொண்டே இருந்தோம். அந்த வருட ஆயுதபூஜையில் சூளைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து முடித்ததும், முதலாளி எல்லோர் முன்னாலும் அவரை அழைத்துச் சால்வை போர்த்தினார். "இவரை மாதிரி சூளைய நம்பாத ஆளு இன்னொருத்தர் இருந்தா நான் நிம்மதியா காசிக்கே போயிடுவேன்" என்றார். கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கியது. அதோடு, பெரிய சூளையோடு பக்கத்தில் இருந்த இரண்டாவது சூளையையும் அவர் பொறுப்பில் விட்டார். சால்வைக்குள் அவர் கைகளை மடக்கி வைத்திருந்தது எனக்குத் தெரிந்தது. கூச்சம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு சோதனை அறை ஜன்னல் வழியாக நான் பார்த்ததெல்லாம், என் கணவர் இரண்டு சூளைகளுக்கு நடுவே நடப்பதைத்தான். இந்த வால்வை வலது கையால் தொடுவார், இடது கையால் தொடுவார், உதடு அசையும். அங்கே போவார், அந்த வால்வைத் தொடுவார். நடுவில் யாராவது "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டால் நின்று, கண்ணை மூடித் திறந்து, முதலிலிருந்து ஆரம்பிப்பார். சாப்பாட்டுக்கு வர மாட்டார். ஷிஃப்ட் முடிந்தும் வர மாட்டார். மாற்று ஆள் வந்து நின்றாலும் போக மாட்டார். எண்ணெய்க் குழாய் சூளைச் சுவரை ஒட்டி வருவதால் வால்வின் இரும்புப் பிடி சுடும். கையுறை போட்டால் மூடியிருப்பது கைக்குத் தெரியாது என்று வெறும் கையால்தான் தொடுவார். உள்ளங்கையில் ஒரே இடத்தில் கொப்புளம் வந்து, உடைந்து, ஆறுவதற்குள் அதே இடத்தில் மறுபடி வந்தது.

இரண்டாவதாகக் கொடுத்த சின்னச் சூளை பழுதாகி அதன் பர்னர்களைக் கழற்றிக் கடலூருக்கு அனுப்பியிருந்த சமயம். குழாயைக்கூட அவிழ்த்து வைத்துவிட்டார்கள். சூளை ஒரு வாரமாகக் குளிர்ந்து, உள்ளே பூனை ஒன்று குட்டி போட்டிருந்தது. மதியம் டிபன்பாக்ஸை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். அவர் அந்தச் சூளையின் முன் நின்றுகொண்டு, எதோடும் சேராமல் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த வால்வைத் தொட்டுக்கொண்டிருந்தார். வலது கை, இடது கை, உதட்டசைவு.

மெதுவாகத்தான் கேட்டேன்.

"ஏங்க, இதுல எண்ணெயே இல்லையே?"

"தெரியும்."

"பர்னரு கூட இல்ல."

"தெரியும் புள்ள. எல்லாம் தெரியும்." தொடுவதை நிறுத்தாமலே சொன்னார். "தெரிஞ்சும் மனசு ஒத்துக்க மாட்டேங்குது."

சுத்தமாகத் தெரியாத ஒருவர் இதைச் செய்தால் எனக்கு அவ்வளவு திகைப்பு வந்திருக்காது. இவருக்கு எனக்குத் தெரிந்த அளவு தெரிந்திருந்தது. தெரிந்த அறிவு ஒரு பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கை தன் போக்கில் தொட்டுக்கொண்டிருந்தது. டிபன்பாக்ஸைக் கீழே வைத்து அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அப்போதுதான் சொன்னார். எட்டாம் வகுப்பு படிக்கும்போது, அம்மா ஊரில் இல்லாத ஒரு நாள், மண்ணெண்ணெய் ஸ்டவ்வை அணைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கிறார். அணைத்தோமா என்று ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. அன்று வந்தது அதற்குப் பிறகு போகவே இல்லை. இடம்தான் மாறியது, ஸ்டவ், கதவு, சிலிண்டர், சூளை.

"சந்தேகம்னா எப்பிடி?"

"படமா வரும். வால்வு திறந்திருக்குது. எண்ணெ வருது. தொட்டி புடிச்சிக்குது. தகரக் கொட்டாயில பொம்பளைங்கல்லாம் சாமானுக்குப் பிசிறு எடுத்துக்கிட்டு இருக்காங்க. அப்பறம் நீ." நிறுத்திவிட்டார். "நீ கதவுகிட்ட வர்ற. வெளிய வர முடியல. எரியிற."

"தொட்டா?"

"தொட்டா அணைஞ்சிடுது. கொஞ்ச நேரத்துல திரும்ப வருது."

ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று கேட்டேன். எண்ணியதில்லை என்றார். யோசித்துவிட்டு, "இருநூறு இருக்கும்" என்றார்.

நான் அந்தச் செங்கல் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்னை இந்த ஆள் தினம் இருநூறு முறை எரியப் பார்த்திருக்கிறார். இருநூறு முறை ஓடிவந்து கையைச் சுட்டுக்கொண்டு காப்பாற்றியிருக்கிறார். பிறகு வீட்டுக்கு வந்து, ரசத்தில் பெருங்காயம் தூக்கலாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். நான்கு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மனசு என்பது இவ்வளவு பெரிய நெருப்பை வைத்துக்கொண்டு முகத்தில் ஒரு பொறிகூடக் காட்டாமல் இருக்குமா என்று மலைத்துப்போனேன். அழுகை வரவில்லை.

மறுநாள் காலையில் கையைக் காட்டலாம் என்று சொல்லி அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கட்டுப் போட்ட நர்ஸம்மா வயதானவர். கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, "எப்பிடிப்பா சொல்லி வச்ச மாதிரி திரும்பத் திரும்ப ஒரே எடத்துல சுட்டுக்கற?" என்றார். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்து, "இதுக்குத் தோலு மருந்து போட்டுப் பிரயோஜனம் இல்ல. பாண்டிச்சேரி போங்க, மனசுக்குப் பாக்கற டாக்டருங்க இருக்காங்க. பைத்தியக்காரங்க போற எடம்னு நெனச்சிக்கிட்டுப் போகாம இருந்துடாதீங்க" என்றார். நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாமியாருக்கோ ஆத்திரம். நாலு பேர் மதிக்கிற பிள்ளைக்கு என்ன குறை கண்டாய் என்று கேட்டார்.

பாண்டிச்சேரி டாக்டரம்மா என்னைவிடச் சின்னவராகத் தெரிந்தார். இது என்னத்தைப் பார்க்கப்போகிறது என்று மனசுக்குள் தட்டிப் பார்த்துக் கழித்தே வைத்துவிட்டேன். அவர் என் கணவரைப் பார்த்து வரிசையாகக் கேட்டார். "தொடும்போது எண்ணுவீங்களா? நடுவுல யாராவது பேசிட்டா மறுபடி மொதல்லேருந்தா? தப்பா ஒன்னு நடந்துடும்னு படமா வருமா? அந்தப் படத்துல உங்களுக்கு வேண்டியவங்கதான் இருப்பாங்களா?"

என் கணவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேனோ என்ற பார்வை. நான் வாயே திறந்திருக்கவில்லை.

"உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?" என்று டாக்டரம்மாவைக் கேட்டார்.

"காலையிலேருந்து நீங்க எனக்கு ரெண்டாவது ஆளு. உங்களுக்கு முன்னாடி வந்த அம்மாவுக்குக் கை கழுவறது. உங்களுக்கு வால்வு."

"இதுக்குப் பேரு இருக்குதுங்களா?"

"இருக்கு. எண்ணச் சுழற்சி நோய்."

அவர் அந்தப் பெயரை இரண்டு மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். உலகத்திலேயே தனக்கு ஒருவனுக்குத்தான் இப்படி என்று எட்டாம் வகுப்பிலிருந்து நினைத்துக்கொண்டிருந்த மனிதர். யாரோ முகம் தெரியாத ஒரு பெண் கை கழுவிக் கழுவி அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று கேட்டதே அவருக்குப் பாதி மருந்து. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. எங்கள் வீட்டு அடுப்படியில் யாருக்கும் தெரியாமல் நடந்ததை, எங்களைப் பார்த்தே இராத யாரோ எப்போதோ புரிந்துகொண்டு புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

டாக்டரம்மா சொன்னது இதுதான். எல்லார் மனசிலும் கண்டபடி எண்ணங்கள் வரும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடியில் நிற்கும்போது போட்டுவிடுவோமோ என்று வரும். வந்த வேகத்தில் போய்விடும். இவருக்குப் போகாமல் மாட்டிக்கொள்கிறது. வால்வைத் தொட்டால் கொஞ்ச நேரம் நிம்மதி. அந்த நிம்மதிக்காக மறுபடி தொட வேண்டும். தொடத் தொடச் சந்தேகம் பெருகும். அதைக் குறைக்க மாத்திரை தருவார், ஆனால் பல வாரம் ஆகும். அதோடு, ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு, சந்தேகத்தைச் சந்தேகமாகவே வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடப் பழக வேண்டும்.

பிறகு என்னைப் பார்த்தார். "மூடிதான் இருக்கு, நான் பாத்தேன்னு நீங்க சொல்வீங்களா?"

"சொல்வேங்க." பெருமையாகத்தான் சொன்னேன். "கேக்கறப்பல்லாம் சொல்வேன்."

"இனிமே சொல்லாதீங்க. நீங்க சொல்றதும் அவரு தொடறதும் ஒன்னுதான்."

எனக்குச் சுரீரென்றது. நான்கு வருடமாக அன்பு என்று நினைத்து நான் எண்ணெயைத்தான் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். முதலாளி சால்வை போர்த்தியும், மாமியார் பொறுப்பான பிள்ளை என்றும் ஊற்றிய அதே எண்ணெய். எங்கள் ஊரில், எங்கள் தொழிலில், ஒரு நோயைத் திறமை என்று கொண்டாடினோம். வேறு எந்த வேலையில் இருந்திருந்தாலும் யாராவது முன்னாலேயே கண்டுபிடித்திருப்பார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இன்னொன்றும் எனக்கு உறைத்தது. அவர் இவ்வளவு சந்தேகப்பட்டதால்தான் சூளை நன்றாக எரிந்தது என்று எல்லோரும் நம்பினோம். அப்படி இல்லை. கூம்பு எப்போது சாயும் என்று அவருக்கு முதல் பார்வையிலேயே தெரியும். அது அவருடைய கண், அவருடைய படிப்பு. அதன் மேல் நாள் முழுவதும் நான் எரிகிற படம் வேறு ஓடிக்கொண்டிருக்க, அதற்கு நடுவிலும் அவர் ஒரு சூளையைக்கூடப் பாழாக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிப்போயிருந்த அவரை நான் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தேன். கல்யாணத்தன்றுகூட அவரை அப்படிப் பார்த்ததில்லை.

முதலாளியிடம் சொல்லாமல் முடியாது. மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிற ஆள் என்று தெரிந்தால் எஸ்டேட்டில் எவரும் சூளையைக் கையில் கொடுக்க மாட்டார்கள் என்று அவர் பயந்தார். சூளை போனால் அவருக்கு வேறு வேலை தெரியாது. நான்தான் பேசினேன். ஒரு சூளை போதும், நிறுத்தியதும் ஒரு முறை பார்ப்பார், அதற்கு மேல் இன்னொரு ஆள் பார்த்துக்கொள்ளட்டும், பார்த்ததை இவரிடம் சொல்லக் கூடாது என்றேன். முதலாளி சிரித்தார்.

"இதான் நோயின்னா எங்கிட்ட வேலை செய்யற எல்லாத்துக்கும் இந்த நோய் வரட்டும்மா."

"உங்களுக்கு வரட்டும் சார். ஒரு நாளு வரட்டும், அப்பறம் சிரிங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. என் கணவர் என்னைத் தடுக்கவில்லை. கையில் இருந்த கட்டைப் பிரித்து உள்ளங்கையை மேஜை மேல் விரித்து வைத்தார். முதலாளி அதைப் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது. "மூணு மாசம் பாப்போம். நடுவுல எதாவது ஒன்னு ஆச்சு, ஆளை மாத்திடுவேன்" என்றார்.

மாத்திரை முதலில் குமட்டலையும் தூக்கத்தையும்தான் தந்தது. மூன்றாவது வாரம் நான் டாக்டரம்மாவைக் கன்னாபின்னாவென்று திட்டினேன், வீட்டுக்குள் இருந்துதான். ஆறாவது வாரத்தில் ஒரு நாள் சிலிண்டரை ஒரு முறை தொட்டுவிட்டுத் தெருமுனை தாண்டி வந்தார். உள்ளங்கை அளவு வெள்ளை அட்டையில் இருக்கிற ஒரு பொடி மாத்திரை, எட்டாம் வகுப்பிலிருந்து ஓடிய படத்தின் சத்தத்தைக் குறைக்கிறது என்றால் அதை எங்கே போய்ச் சொல்வது. ஆனால் சிலிண்டர் வேறு, சூளை வேறு. சூளையைவிட்டு அவரால் வர முடியவில்லை. முதலாளி கொடுத்த மூன்று மாதம் முடியப் பத்து நாள்கூட இல்லை. இன்றைக்கும் அந்த நோய் முழுதாகப் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில், வீட்டில் கல்யாணம் காட்சி என்றால், எட்டிப் பார்க்கும். ஆனாலும் எது மாறியதோ அது மாறியது நான் இப்போது சொல்கிற மதியத்தில்தான்.

மணி மூன்று இருக்கும். கூம்பு சாய்ந்துவிட்டது. எண்ணெயை நிறுத்தினார், காற்றடிக்கிற ப்ளோயரை அணைத்தார். நான் வேண்டுமென்றே சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பார்த்துவிட்டால் அவர் கேட்கும்போது பொய் சொல்ல வேண்டிவரும், எனக்குப் பொய் நிற்காது. அவர் வால்வை ஒரு முறை தொடுகிற சத்தம் கேட்டது. "வா" என்றார். பின்னால் வந்து பார்க்க வேண்டிய ஆள் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் இருவரும் கேட்டைத் தாண்டி ரோட்டின் எதிர்ப்பக்கம் டீக்கடை வேப்பமரத்தடிக்கு வந்தோம். பயம் தானாக இறங்குகிற வரைக்கும் திரும்பிப் போகக் கூடாது, யாரையும் கேட்கவும் கூடாது. அதுதான் டாக்டரம்மாவின் சட்டம்.

அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. விரல்கள் தாமாக மடங்கி விரிந்தன.

"ஏ புள்ள, மூடிட்டனா?"

"தெரியாதுங்க."

"நீ அங்கதான நின்ன?"

"நான் சொவத்தப் பாத்துக்கிட்டு நின்னேன். எனக்குத் தெரியாது."

சொல்லும்போதே எனக்குத் திடுக்கென்றது. நிஜமாகவே எனக்குத் தெரியாது. தொட்ட சத்தம்தான் கேட்டது. மூடினாரா? தகரக் கொட்டகையில் பெண்கள் பேசிச் சிரிப்பது ரோடு தாண்டிக் கேட்டது. ஒருவேளை மூடாமல் இருந்தால்? என் கால் தானாக ஓர் அடி கேட் பக்கம் வைத்தது. ஒரே ஒரு முறை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது. அப்போது எனக்குப் புரிந்தது. எனக்கு ஐந்து நிமிடமாக இருக்கிற இதுதான் அவருக்கு எட்டாம் வகுப்பிலிருந்து இருக்கிறது. இதைச் சுமந்துகொண்டு இந்த மனிதர் சம்பாதித்தார், சிரித்தார், என் கேலியையும் கேட்டுக்கொண்டார். எஸ்டேட்டில் மூட்டை மூட்டையாகக் களிமண் தூக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் எதையும் செய்யாமல் சும்மா நிற்பது இத்தனை பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, ரோட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

இரண்டு டீ சொன்னேன். வந்தது. அவர் கிளாஸைத் தொடவில்லை. கண்கள் எங்கேயோ நின்றிருந்தன. எங்கே என்று எனக்குத் தெரியும்.

"இப்ப நான் எரியிறனா?"

அவர் தலையை ஆட்டினார். "எரியிற."

"எங்க?"

"கதவுகிட்ட."

"சரி, எரியட்டும். டீ ஆறுது, குடிங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு கிளாஸை எடுத்தார். பாதி டீ சட்டையில் சிந்தியது. மீதியைக் குடித்தார். குடித்துவிட்டு நின்றார். நான் இன்னொரு டீ சொன்னேன், அதையும் குடித்தார். மணி நான்கைத் தாண்டியது. விரல்கள் மடங்குவது நின்றிருந்தது.

"இன்னும் இருக்குது," என்றார். "கொஞ்சம் கம்மியா இருக்குது."

அவர் கிளாஸைப் பலகையில் வைத்தார். கேட் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"வூட்டுக்குப் போலாம்" என்றார்.